சால்சாக் ஆற்றங்கரையில் ஓர் உழவரின் கல்லறை

வரலாற்று நூல்களைப் புரட்டினால் மன்னர்கள், அமைச்சர்கள், தளபதிகள் ஆகியோரின் பெயர்களே பக்கந்தோறும் நிறைந்திருக்கக் காண்கிறோம். அவர்கள் தொடங்கிய போர்களில் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மாரின் பெயர்களை எவரும் எழுதி வைப்பதில்லை. பேரரசுகள் எழுவதும் விழுவதும் ஏர் பிடிப்பவனைக் கேட்டு நடப்பதில்லை; ஆனால் அவை விழும்போது அவன் தலைமீதே விழுகின்றன. இருப்பினும் மிக அரிதாக, பெயரற்ற அந்தக் கூட்டத்திலிருந்து ஓர் எளிய மனிதர் எழுந்து நின்று, வரலாற்றையே நோக்கி “மாட்டேன்” என்று சொல்லிவிடுகிறார். அப்படிச் சொன்ன ஓர் உழவரின் கல்லறையைத் தரிசிக்கும் பேறு நமக்குக் கிட்டிற்று. அன்பு வாசகர்களையும் அங்கே அழைத்துச் செல்ல விரும்புகிறோம்.

ஆறும் ஊரும்

ஆஸ்திரியா நாட்டின் சால்ஸ்பர்க் நகரை அறியாதார் சிலரே. இசை மேதை மோட்சார்ட் 1756-ஆம் ஆண்டில் பிறந்த நகரம் அது. அங்கிருந்து வடக்கு நோக்கிப் புறப்படும் சிறிய ரயிலில் ஏறி, வயல்களையும் பசும்புல் வெளிகளையும் கடந்து, ஆஸ்டர்மீதிங் என்னும் இறுதி நிலையத்தில் இறங்கினோம். அங்கிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது நாம் தேடி வந்த சாங்க்ட் ராடகுண்ட் என்னும் சிற்றூர். நாங்கள் அறுவர். ஐவர் நம் ஊர்ப் பக்கத்துத் திருப்பயணிகள். ஆறாமவர் அந்நாட்டில் பங்குப் பணியாற்றும் நம் நாட்டுக் குருவானவர். வழிகாட்டியும் மொழிபெயர்ப்பாளரும் அவரே.

ஊரை ஒட்டிச் சால்சாக் ஆறு ஓடுகிறது. இக்கரை ஆஸ்திரியா, அக்கரை ஜெர்மனியின் பவேரியா மாநிலம். கரைகளில் அடர்ந்த மரங்கள். நீரின் ஓசை தவிர வேறு ஓசை இல்லை. இத்தனை அமைதியான இந்த ஆற்றோரத்தில் எத்தனை விந்தையான பிறப்புகள் நிகழ்ந்திருக்கின்றன என்று குருவானவர் சொல்லச் சொல்ல வியந்து நின்றோம்.

ஆற்றின் மேல் திசையில் ஓபர்ன்டார்ஃப் என்னும் ஊர் இருக்கிறது. கிறிஸ்து பிறப்பு விழாவில் உலகமே பாடும் ‘அமைதியான இரவு’ என்ற பாடல், 1818-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் திருவிழிப்பின்போது அவ்வூர்க் கோவிலில்தான் முதன்முதலாக ஒலித்தது. அதற்கு இசை அமைத்த பிரான்ஸ் குரூபர், சாங்க்ட் ராடகுண்டுக்கு அண்டை ஊராகிய ஹோக்பர்க்கில் 1787-இல் பிறந்தவர். எதிர்க்கரையிலுள்ள டிட்மானிங் என்ற சிறு நகரில் ஒரு காவல் அதிகாரியின் மகன் தன் குழந்தைப் பருவத்தில் சில ஆண்டுகள் வாழ்ந்தான்; அச்சிறுவனே பின்னாளில் பதினாறாம் ஆசீர்வாதப்பர் என்ற பெயரில் திருத்தந்தையானார். ஆறு இன்னும் சற்றுத் தொலைவு ஓடி இன் என்னும் பேராற்றில் கலக்கிறது. அந்த இன் ஆற்றங்கரையில் பிரவுனவ் என்ற நகரம். அங்கே 1889-ஆம் ஆண்டு ஏப்ரல் 20-ஆம் நாள் பிறந்த குழந்தையின் பெயர் அடால்ஃப் ஹிட்லர்.

ஒரே வட்டாரம், ஒரே நீர், ஒரே கத்தோலிக்க மரபு. அமைதியின் பாடலுக்கு இசை தந்தவரும் இங்கேயே பிறந்தார். உலகைக் கொளுத்தியவனும் இங்கேயே பிறந்தான். மனிதனை மண் மட்டும் ஆக்குவதில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

வேலைக்காரியின் மகன்

கோவிலுக்குச் செல்லும் வழியில் குருவானவர் அந்த உழவரின் கதையைத் தொடங்கினார்.

பிரான்ஸ் யேகர்ஸ்டேட்டர் 1907-ஆம் ஆண்டு மே மாதம் 20-ஆம் நாள் இவ்வூரில் பிறந்தார். தாய் ரோசாலியா பண்ணை வீட்டு வேலைக்காரி. தந்தையும் வேலைக்காரரே. மணம் செய்துகொண்டு குடும்பம் நடத்தும் வசதி இருவருக்கும் இல்லை. ஆகவே குழந்தையைப் பாட்டி எலிசபெத்து வளர்த்தார். வறுமை வாட்டிய அந்த வீட்டில் செபத்திற்கு மட்டும் பஞ்சமில்லை. முதல் உலகப் போர் வந்தது. தந்தை போரில் மாண்டார். 1917-இல் தாய், ஹைன்ரிஹ் யேகர்ஸ்டேட்டர் என்ற உழவரை மணந்தார். அவர் சிறுவனுக்குத் தம் பெயரைத் தந்து மகனாக ஏற்றுக்கொண்டார். மறு ஆண்டே, பல நூற்றாண்டுகள் ஆண்ட ஹாப்ஸ்பர்க் பேரரசு சரிந்து விழுந்தது. சிறுவன் பிரான்சுக்கு அப்போது வயது 11.

வளர்ந்த பிரான்ஸ் பிறவிப் புனிதராக இருக்கவில்லை. இதை மறைக்காமல் சொல்வதே நன்று. 1927 முதல் 1930 வரை ஐசனெர்ஸ் என்னும் இரும்புச் சுரங்க ஊரில் வேலை செய்தார். திரும்பி வந்தபோது ஒரு மோட்டார் சைக்கிளுடன் வந்தார். ஊரில் அதுவே முதல் மோட்டார் சைக்கிள். துடிப்பான இளைஞர், சண்டைக்கும் அஞ்சாதவர். மணமாகாமலே 1933-இல் ஒரு பெண் குழந்தைக்குத் தந்தையானார். அக்குழந்தையை அவர் பின்னாளிலும் கைவிட்டுவிடவில்லை. நம் பங்குகளிலும் இத்தகைய இளைஞர்கள் உண்டு அல்லவா? ஊர் அவர்களைப்பற்றி ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறது, ஆண்டவரோ வருவதில்லை.

1936-ஆம் ஆண்டு ஏப்ரல் 9-ஆம் நாள், பெரிய வியாழனன்று, பிரான்ஸ் ஹோக்பர்க்கைச் சேர்ந்த பிரான்சிஸ்கா ஷ்வானிங்கரை மணந்தார். ஆடம்பர விருந்து இல்லை. மணமக்கள் நேரே உரோமை நகருக்குத் திருப்பயணம் புறப்பட்டார்கள். அக்காலத்து உழவர் குடும்பங்களில் இது கேள்விப்படாத செயல். இருவரும் சேர்ந்து செபித்தார்கள். சேர்ந்து விவிலியம் வாசித்தார்கள். ஒருவர் மற்றவரைப் பக்தியில் வளர்த்தார்கள். 1937, 1938, 1940 ஆகிய ஆண்டுகளில் மூன்று பெண் குழந்தைகள் பிறந்தனர். குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு தெருவில் செல்லும் தந்தையை அவ்வூர் அதற்குமுன் பார்த்ததில்லை என்பார்கள்.

இவ்வளவுதான் அவருடைய வாழ்க்கை. பசுக்கள், வயல், மனைவி, மக்கள், கோவில். உலகம் அவரை விட்டுவைத்திருந்தால், அவர் பெயரை அவ்வூர்ப் பங்குப் பதிவேட்டில் மட்டுமே நாம் தேடியிருக்க முடியும்.

ஊர் ஓடினால்

உலகம் விட்டுவைக்கவில்லை. 1938-ஆம் ஆண்டு மார்ச் 12-ஆம் நாள் ஹிட்லரின் படைகள் ஆஸ்திரியாவில் நுழைந்தன. எதிர்ப்பு எழவில்லை, பல ஊர்களில் மக்கள் மலர் தூவி வரவேற்றார்கள். அந்த ஆண்டின் தொடக்கத்திலேயே பிரான்ஸ் ஒரு கனவு கண்டிருந்தார். அழகிய ரயில் ஒன்று மலையைச் சுற்றி வருகிறது. பெரியவர்களும் சிறுவர்களும் அதில் ஏற முண்டியடிக்கிறார்கள். அந்த ரயில் நரகத்திற்குப் போகிறது என்று ஒரு குரல் சொல்கிறது. நாத்சிக் கட்சியின் ஆட்சியே அந்த ரயில் என்று அவர் பின்னர் பொருள் கண்டார்.

ஏப்ரல் 10-ஆம் நாள் நாடெங்கும் பொது வாக்கெடுப்பு நடந்தது. ஜெர்மனியுடன் இணைவதை ஆதரித்து ஆஸ்திரிய ஆயர்களே அறிக்கை விடுத்திருந்தார்கள். 99 சதவீதத்திற்கும் மேற்பட்டோர் இணைப்புக்கு இசைந்தார்கள் என்று அரசு அறிவித்தது. சாங்க்ட் ராடகுண்டில் ஒரே ஒரு வாக்கு மட்டும் மறுப்பு வாக்காக விழுந்தது. அது யாருடையது என்பது ஊருக்கே தெரியும். ஆயினும் ஊர் முழுவதும் ஒருமனதாக இசைந்ததாகவே கணக்கு அனுப்பப்பட்டது. அவர் சொன்ன முதல் ‘இல்லை’, எண்ணிக்கையில்கூடச் சேரவில்லை.

‘ஊர் ஓடினால் ஒத்து ஓடு, ஒருவன் ஓடினால் கேட்டு ஓடு’ என்பது நம் நாட்டுப் பழமொழி. இங்கே ஊர் ஓடிற்று. ஒருவர் மட்டும் ஓடாமல் நின்றார். ஏன் நின்றாய் என்று கேட்டறிய ஊருக்குப் பொறுமை இல்லை. அரசு குழந்தைகளுக்கு வழங்கிய உதவித் தொகையையும் அவர் வாங்க மறுத்தபோது, பிழைக்கத் தெரியாதவர் என்றே பலர் எண்ணினார்கள்.

1940-இல் அவர் படைக்கு அழைக்கப்பட்டார். பயிற்சி பெற்றார். இருமுறை அழைக்கப்பட்டும் ஊர்த் தலைவரின் பரிந்துரையால் உழவுப் பணிக்கென்று விடுவிக்கப்பட்டு 1941-இல் வீடு திரும்பினார். படை முகாமில் இருந்தபோதே புனித பிரான்சிஸ்கு அசிசியாரின் மூன்றாம் சபையில் சேர்ந்திருந்தார். ஊருக்கு வந்ததும் கோவில்பிள்ளையாகப் பொறுப்பேற்று, நாள்தோறும் திருப்பலிக்கு உதவி செய்தார். இதற்கிடையில் அவர் கண்டவையும் கேட்டவையும் அவர் மனத்தை அறுத்தன. நாத்சிகளை எதிர்த்து மறையுரையாற்றிய பங்குக் குரு கரோபாத் சிறையிடப்பட்டு, பங்கை விட்டே அகற்றப்பட்டார். மனநோயாளிகள் கொல்லப்படுகிறார்கள் என்ற செய்தி பரவிற்று. பிற நாடுகளைக் கொள்ளையிடும் அநீதியான இந்தப் போரில் துப்பாக்கி ஏந்துவது பாவம் என்ற முடிவுக்கு அவர் வந்தார். இன்னொரு முறை அழைத்தால் போவதில்லை என்று வெளிப்படையாகவே சொன்னார்.

சொல்லாதவர் யார்? தாய் கெஞ்சினார். உறவினர் கடிந்தனர். குருக்கள் அறிவுரை கூறினர். லின்ஸ் நகரம் சென்று ஆயர் பிளீசரையும் சந்தித்தார். குடும்பத் தலைவனுடைய முதற் கடமை குடும்பமே என்றும், போர் நீதியானதா என்று தீர்மானிக்கும் பொறுப்பு குடிமகனுடையது அன்று என்றும் ஆயர் எடுத்துரைத்தார். பிரான்ஸ் பணிவோடு கேட்டுக்கொண்டார். ஆனால் அவர் மனச்சான்று அமைதி பெறவில்லை. மனைவியும் முதலில் கெஞ்சினார். பின்னர், தம்மையும் சேர்த்து எல்லாரும் எதிர்த்து நின்றால் கணவருக்கு யாருமே இல்லாமற் போய்விடும் என்று உணர்ந்து, அவர் பக்கம் நின்றார்.

1943

1943-ஆம் ஆண்டு பிப்ரவரி 2-ஆம் நாள், ஸ்டாலின்கிராடில் ஜெர்மானியப் படையின் எஞ்சிய பகுதியும் சரணடைந்தது. போரின் போக்கு மாறிற்று; வெறி குறையவில்லை. பிப்ரவரி 22-ஆம் நாள், மியூனிக் நகரில் ஹான்ஸ் ஷோல், சோஃபி ஷோல் என்ற அண்ணனும் தங்கையும், போருக்கெதிரான துண்டுப் பிரசுரங்களைப் பரப்பியதற்காகத் தலை வெட்டப்பட்டார்கள். அதற்கு மறுநாள், பிப்ரவரி 23 அன்று, பிரான்சின் வீட்டுக்கு இறுதி அழைப்பாணை வந்தது. மியூனிக்கில் நடந்ததை அவர் அறிந்திருக்க வழியில்லை. ஒருவரையொருவர் அறியாமலே, ஒரே இரவில் தனித்தனியே எரிந்த விளக்குகள் அவர்கள்.

மார்ச் மாதத் தொடக்கத்தில் என்ஸ் நகர முகாமுக்குச் சென்று, போரிட மாட்டேன் என்று அறிவித்தார். உடனே லின்ஸ் நகரச் சிறையில் அடைக்கப்பட்டார். மே மாதம் பெர்லின் நகரின் டேகல் சிறைக்குக் கொண்டு செல்லப்பட்டார். காயமுற்றோருக்கு மருத்துவப் பணி செய்ய ஆயத்தமாயிருப்பதாக அவர் கூறியதை எவரும் பொருட்படுத்தவில்லை. ஜூலை 6-ஆம் நாள் படைத்துறை உயர் நீதிமன்றம் அவருக்கு மரண தண்டனை விதித்தது. கைகளில் விலங்கிட்ட நிலையில் அவர் எழுதிய குறிப்புகள் இன்றும் உள்ளன. விருப்பம் விலங்கிடப்படுவதைவிடக் கைகள் விலங்கிடப்படுவதே மேல் என்ற கருத்தை அதில் எழுதியிருக்கிறார்.

சிறையில் அவருக்கு ஒரு நிழற்படம் வந்தது. மூன்று சிறுமிகளும் ஒரு பலகையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். தந்தை விரைவில் வீடு வர வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது. தந்தையர்களே, அந்தப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓர் இரவைக் கழிப்பது எப்படியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். மன உறுதி என்பது அன்பில்லாத நெஞ்சில் பிறப்பது என்று நினைத்துவிட வேண்டாம்.

அந்த ஜூலையில் பிரான்சிஸ்கா, ஒரு குருவானவரின் துணையோடு பெர்லின் வரை பயணம் செய்து கணவரைப் பார்த்தார். காவலர் முன்னிலையில் இருபது நிமிடம் மட்டுமே அனுமதி. அதுவே கடைசிச் சந்திப்பு.

அவருக்குக் கிடைத்த ஒரே ஆறுதல் சிறை ஆன்ம குரு கிராய்ட்ஸ்பெர்க் சொன்ன செய்தி. பிரான்ஸ் ரைனிஷ் என்ற குருவானவர், ஹிட்லரின் பெயரால் உறுதிமொழி எடுக்க மறுத்து, முந்திய ஆண்டு ஆகஸ்டு மாதம் உயிர் துறந்திருந்தார். தம்மைப்போல் நினைத்தவர் ஒருவர் இருந்தார், அவர் ஒரு குரு என்று அறிந்தபோது பிரான்சின் மனப் பாரம் நீங்கிற்று. எல்லாரும் தவறென்று சொல்லும்போது தான் மட்டும் சரியாயிருக்க முடியுமா என்ற ஐயம், மரண பயத்தைவிடக் கொடியது அல்லவா?

1943-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 9-ஆம் நாள் மாலை, பிராண்டன்பர்க் நகரில் அவர் தலை வெட்டப்பட்டது. வயது 36. மூத்த மகளுக்கு ஆறு வயதுகூட நிரம்பவில்லை. இறுதி வேளையில் உடனிருந்த குரு யோக்மன், தம் வாழ்நாளில் தாம் கண்ட ஒரே புனிதர் இந்த எளிய மனிதரே என்று அந்நகரில் பணியாற்றிய ஆஸ்திரிய நாட்டுக் கன்னியரிடம் பின்னர் கூறினார்.

கல்லறை முன்

கோவிலை அடைந்தோம். வெள்ளைச் சுவர்கள் கொண்ட சிறிய ஊர்க் கோவில். அதன் வெளிச் சுவரை ஒட்டி, பாடுபட்ட சுரூபத்தின் கீழே, மலர்கள் சூழ இருக்கிறது பிரான்சின் கல்லறை. பளிங்கு மண்டபம் இல்லை; காவலர் இல்லை. அந்தக் கன்னியர் காத்து வைத்திருந்த சாம்பல், போர் முடிந்தபின் ஊருக்குக் கொண்டுவரப்பட்டு, அவர் இறந்து மூன்றாண்டு நிறைவுற்ற 1946-ஆம் ஆண்டு ஆகஸ்டு 9-ஆம் நாள் இங்கே அடக்கம் செய்யப்பட்டது. போரில் மாண்ட ஊர் இளைஞர்களின் நினைவுச் சின்னத்திலும் அவர் பெயர் பொறிக்கப்பட்டிருக்கிறது. சுட்டு மாண்டவர்களோடு, சுட மறுத்து மாண்டவரும் ஒருவராக.

நாங்கள் முழந்தாளிட்டு ஒரு பத்துமணி செபமாலை சொன்னோம். எழுந்தபோது நம்முடன் வந்த மூதாட்டி ஒருவர் எழாமலே இருந்தார். கணவரை இளவயதில் இழந்து, தையல் தைத்து நான்கு பிள்ளைகளை ஆளாக்கியவர் அவர். சற்று நேரங்கழித்துக் குருவானவரைப் பார்த்து மெல்லக் கேட்டார்:

“சாமி, இவர் நல்லவர் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் மூன்று பெண் பிள்ளைகளைப் பெற்றவர் இப்படிச் செய்யலாமா? பெண்சாதி தனியாக என்ன பாடு பட்டிருப்பாள்?”

எங்களில் ஒருவருக்கும் விடை தெரியவில்லை. குருவானவரும் உடனே விடை சொல்லவில்லை. “இவர் வாழ்ந்த வீட்டையும் பார்த்துவிட்டு வருவோம், அம்மா. பிறகு பேசலாம்” என்றார்.

பிரான்சிஸ்காவின் வீடு

லேயர்பவர் பண்ணை வீடு இப்போது நினைவு இல்லமாகப் பேணப்படுகிறது. தாழ்ந்த கூரை, மர வேலைப்பாடுகள், சிறிய சன்னல்கள். சுவரில் நிழற்படங்கள். அந்த வீட்டு வாசலில் நின்று குருவானவர் கதையின் மறுபாதியைச் சொன்னார்.

கணவர் இறந்தபோது பிரான்சிஸ்காவுக்கு வயது 30. கையில் மூன்று குழந்தைகள். எதிரே நிலமும் மாடுகளும். ஊர் இரங்கவில்லை. கணவரைத் தடுக்காதவள், அவரைப் பக்திப் பைத்தியமாக்கியவள் என்று அவர்மீது பழி சுமத்தினார்கள். மாமியாரே அப்படிக் கருதினார் என்றால் மற்றவர்களைப்பற்றிச் சொல்ல வேண்டுமா? போர் முடிந்து ஹிட்லர் ஒழிந்த பின்பும் நிலை மாறவில்லை. தங்கள் கணவரும் மக்களும் எதற்காக மாண்டார்கள் என்ற கேள்வியை இந்த ஒரு கல்லறை எழுப்பிக்கொண்டே இருந்ததால், ஊரார் அதைப்பற்றிப் பேசவே விரும்பவில்லை. படைவீரர்களின் கைம்பெண்களுக்கு அரசு தந்த உதவித்தொகை, 1950 வரை பிரான்சிஸ்காவுக்கு மறுக்கப்பட்டது. அவர் கணவர் நாட்டுக்காகப் போரிடவில்லையாம்!

திருச்சபையும் தயங்கிற்று. 1946-இல் லின்ஸ் மறைமாவட்ட இதழில் பிரான்சைப்பற்றிய கட்டுரை ஒன்றை வெளியிட ஆயர் இசையவில்லை. மறைமாவட்டத் திங்களிதழில் இதை எழுதும்போது நமக்கு ஒரு கூச்சம் உண்டாகிறது. அன்று நாம் அந்த இதழின் வாசகர்களாயிருந்தால், போரில் பிள்ளையை இழந்த பெற்றோராயிருந்தால், அக்கட்டுரையை விரும்பியிருப்போமா? உறுதியாகச் சொல்ல நமக்குத் துணிவில்லை.

பிரான்சிஸ்கா வாதாடவில்லை. உழுதார், விதைத்தார், பிள்ளைகளை வளர்த்தார். கணவர் செய்த கோவில் பணியைத் தாமே ஏற்று, பீடத்தை அலங்கரித்தார். கணவரின் கடிதங்களையும் குறிப்புகளையும் பத்திரமாகக் காத்துவந்தார். அவர் அவற்றைக் காக்காமல் இருந்திருந்தால், இன்று நாம் இங்கே வந்திருக்க மாட்டோம்.

பின்னர் கோர்டன் சான் என்ற அமெரிக்கச் சமூகவியல் அறிஞர் இவ்வூருக்கு வந்து ஆராய்ந்து, 1964-இல் பிரான்சின் வரலாற்றை நூலாக வெளியிட்டார். அப்போது இரண்டாம் வத்திக்கான் சங்கம் நடந்துகொண்டிருந்தது. நம் நாட்டுக்கும் இக்கதைக்கும் உள்ள உறவு இங்கேதான் வருகிறது. 1937 முதல் 1950 வரை பம்பாய்ப் பேராயராக இருந்த இயேசு சபைத் துறவி தாமஸ் ராபர்ட்ஸ், சங்கத் தந்தையருக்கு அளித்த கருத்துரையில் இந்த உழவரை எடுத்துக்காட்டாகக் காட்டி, மனச்சான்றின் பொருட்டுப் படைக்கலம் ஏந்த மறுப்போருக்குத் திருச்சபை துணை நிற்க வேண்டுமென்று வேண்டினார். 1965-ஆம் ஆண்டு டிசம்பர் 7-ஆம் நாள் வெளியான ‘இன்றைய உலகில் திருச்சபை’ என்னும் சங்க ஏடு, அத்தகையோரைச் சட்டங்கள் மனிதநேயத்தோடு நடத்த வேண்டும் என்றும், அவர்கள் வேறு வகையில் சமுதாயத்திற்குப் பணிசெய்ய வேண்டும் என்றும் கூறிற்று. மருத்துவப் பணி செய்கிறேன் என்று நீதிமன்றத்தில் பிரான்ஸ் கேட்டதும் இதுவேயன்றோ? இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து அவருக்குப் பதில் கிடைத்தது.

1997-ஆம் ஆண்டு மே மாதம் பெர்லின் நகர நீதிமன்றம் அந்த மரண தண்டனைத் தீர்ப்பைச் செல்லாதென அறிவித்தது. 2007-ஆம் ஆண்டு அக்டோபர் 26-ஆம் நாள், பதினாறாம் ஆசீர்வாதப்பரின் காலத்தில், லின்ஸ் பேராலயத்தில் பிரான்ஸ் முத்திப்பேறு பெற்றவராக உயர்த்தப்பட்டார். எந்த நகரில் ஆயர் அவரை வீட்டுக்குத் திரும்பிப் போகச் சொன்னாரோ, அதே நகரில்! அந்தத் திருப்பலியில் 94 வயதான பிரான்சிஸ்கா அமர்ந்திருந்தார். கணவரின் திருப்பண்டத்தை ஆயரிடம் ஒப்படைக்குமுன் குனிந்து முத்தமிட்டார். 64 ஆண்டுகளுக்கு முன் இருபது நிமிடத்தில் முடிந்துபோன சந்திப்பு அந்த முத்தத்தில் நிறைவுற்றது போலும். 2013-ஆம் ஆண்டு மார்ச் 16-ஆம் நாள், நூறு வயது நிரம்பிய சில நாட்களில், அவர் கணவரிடம் போய்ச் சேர்ந்தார்.

ஒரு மெழுகுவர்த்தி

குருவானவர் நிறுத்தினார். மூதாட்டியின் கேள்விக்கு அவர் விடை சொல்லிவிட்டாரா, இல்லையா என்று நமக்கே விளங்கவில்லை. பிள்ளைகளைத் தவிக்க விடுவது தந்தைக்கு அழகா என்ற கேள்வி அப்படியே இருக்கிறது. பிள்ளைகளின் பெயரைச் சொல்லி எந்தத் தீமைக்கும் கை கொடுத்துவிடலாமா என்ற கேள்வியும் அப்படியே இருக்கிறது. இரண்டையும் ஒருசேரத் தாங்கிய ஒரு குடும்பத்தை மட்டுமே அந்த வீடு நமக்குக் காட்டுகிறது.

திரும்பும் வழியில் மூதாட்டி மீண்டும் கோவிலுக்குள் போனார். ஒரு மெழுகுவர்த்தி ஏற்றி வைத்தார். “முத்திப்பேறு பெற்றவருக்கா, அம்மா?” என்று கேட்டோம்.

“இல்லை தம்பி, அந்த மகராசிக்கு. அவருக்கு ஏற்ற நிறையப் பேர் இருக்கிறார்கள்” என்றார்.

ஆற்றங்கரை வழியே நடந்தோம். அதே நீர், ஓபர்ன்டார்ஃபைத் தழுவி வந்த நீர், பிரவுனவை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது. பெரும் நிகழ்ச்சிகள் நம் வீட்டுக் கதவையும் தட்டக் கூடும், தட்டாமலும் போகலாம். ஆனால் எல்லாரும் கொடுக்கிறார்களே என்று கைக்கூலி கொடுப்பதும், எல்லாரும் வாங்குகிறார்களே என்று வரதட்சணை வாங்குவதும், ஊர் ஒதுக்கிய குடும்பத்தை நாமும் ஒதுக்குவதும் நாள்தோறும் நம் கதவைத் தட்டுபவைதாம். அவற்றை நோக்கி ஒரு சிறிய ‘மாட்டேன்’ சொல்லப் பழகிய இல்லத்திலேதான் பெரிய ‘மாட்டேன்’ ஒன்று வளர முடியும். அப்படிச் சொல்பவர் நம் பங்கிலே ஒருவர் இருந்தால், அவரையும், அவரைவிட மேலாக அவர் மனைவி மக்களையும் தனியே விட்டுவிடாதிருக்கும் அருளை ஆண்டவர் நமக்குத் தருவாராக.